11-34 கேசட்: மேட்டில் வரம், சமதளத்தில் கொஞ்சம் இம்சை

வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் சைக்கிள் கூட்டத்தில் ஒரு கூத்து நடக்கும். நகரத்துக்குள்ளேயே இருக்கும் செங்குத்தான தெருக்களில் பத்தைப் பொறுக்கியெடுத்து, ஒரே காலையில் அத்தனையையும் ஏறி முடிக்க வேண்டும். கட்டணம் கிடையாது, முதுகில் நம்பர் கிடையாது, பதக்கமும் கிடையாது. விதி ஒன்றுதான்: ஏறும்போது காலை ஊன்றிவிட்டால் திரும்ப அடிக்குப் போய் முதலிலிருந்து ஏற வேண்டும். இது எங்கள் சொந்தச் சரக்கு இல்லை, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 1983-ல் தொடங்கிய டர்ட்டி டஸன் சவாரியிலிருந்து சுட்டது. அங்கே பெயருக்குத்தான் டஸன், ஏற்றங்கள் 13. அதில் கேன்டன் அவென்யூ 37 சதவீதச் சரிவு, போதாக்குறைக்குக் கல் பாவிய தெரு. எங்கள் பட்டியலில் மோசமானதே 20 சதவீதத்தை ஒட்டித்தான் வரும், அதற்கே நாக்கு தள்ளிவிடுகிறது.

போன தடவை மூன்று மேடுகளில் கால் ஊன்றினேன். பின் சக்கரத்தில் இருந்தது 11-28 கேசட், அதாவது 11 பல்லிலிருந்து 28 பல் வரை பல்சக்கரங்களை அடுக்கிய கொத்து. முன்னால் பெடலோடு 50 பல், 34 பல் என்று இரண்டு சக்கரம். இந்த முறை பின்னால் மட்டும் 11-34-க்கு மாறினேன், இந்த விமர்சனம் அதைப் பற்றித்தான்.

ஆறு பல் கூடினால் என்ன பெரிசாகிவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். முன்னால் 34 பல், பின்னால் 28 பல்லில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஏறக்குறைய 2.55 மீட்டர் நகரும், பின்னாலும் 34 ஆனால் 2.1 மீட்டர்தான். ஆளும் வண்டியும் சேர்த்து 80 கிலோ, சரிவு 20 சதவீதம், கால் தரும் பலம் 250 வாட் என்று வையுங்கள். வேகம் மணிக்கு 6 கிலோமீட்டரைக்கூடத் தொடாது. அந்த வேகத்தில் பழைய கேசட்டில் நிமிஷத்துக்கு 37 சுற்று, புதியதில் 45. முப்பத்தேழு சுற்றில் மிதிப்பதை மிதிப்பது என்றே சொல்ல முடியாது, ஒவ்வொரு தடவையும் பெடல் மேல் ஏறி நின்று அது இறங்குமா என்று காத்திருப்பதுதான் வேலை.

மாட்டுவதில்தான் வம்பு. கடையில் கொடுத்து வாங்கி வந்த அன்று சாயங்காலம், கேசட்டை விரலால் பிடித்து அசைத்தால் லொடலொடவென்று ஆடுகிறது. அதைப் பிடித்து நிறுத்தும் லாக்ரிங்கோ இறுக்கமாகத்தான் இருந்தது! நான் வாங்கிய கேசட் 10 கியர் ஃப்ரீஹப்பிலும் (சக்கரத்தில் கேசட் ஏறும் உருளை) பொருந்துகிற அகலத்தில் செய்தது, 11 கியர் ஃப்ரீஹப்பில் போடும்போது பின்னால் 1.85 மில்லிமீட்டர் ஸ்பேசர் ஒன்று போக வேண்டும். அந்த வளையம் பத்திரமாகப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. சரி, அதை நானே கழற்றிப் போட்டுக்கொண்டேன். அப்புறம் பார்த்தால் செயினும் பழைய நீளத்திலேயே இருக்கிறது. ஆறு பல் கூடினால் செயினில் மூன்று கண்ணி கூட வேண்டும், ஜோடியாகத்தான் சேர்க்க முடியும் என்பதால் நாலு. ஸ்டாண்டில் வைத்து மெதுவாக முன்னால் 50, பின்னால் 34 என்ற கியருக்குத் தள்ளிப் பார்த்தபோது, செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் டெரெய்லரின் கை விறைத்துக்கொண்டு முன்னால் நீண்டது. ரோட்டில் தெரியாமல் அந்தக் கியருக்குப் போயிருந்தால் டெரெய்லரே பிய்ந்து ஆரக்காலுக்குள் போயிருக்கும். குட்டைக் கை டெரெய்லர் வைத்திருப்பவர்கள் அது 34 பல்லை ஏற்குமா என்று முதலில் பார்த்துவிடுங்கள், பல மாடல்கள் 28 அல்லது 30-லேயே நின்றுவிடும்.

சவாரியன்று ராத்திரியே தூறியிருந்தது. முதல் ஆறு மேட்டில் சொல்ல ஒன்றுமில்லை, ஏறினோம் இறங்கினோம். ஏழாவதில் தெரு முழுக்க ஈர இலை. எனக்கு முன்னால் போனவர் எழுந்து நின்று மிதித்தார், எடை முன்னால் போனதும் பின் சக்கரம் வெறுமனே சுழன்றது, கால் ஊன்றினார், அவ்வளவுதான். நான் 34-ல் உட்கார்ந்தபடியே, சீட்டின் மூக்கு நுனிக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி மார்பைத் தாழ்த்திக்கொண்டு ஊர்ந்தேன். நிமிர்ந்தால் முன் சக்கரம் தூக்கும், எழுந்தால் பின் சக்கரம் வழுக்கும், அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது, அங்கேயே உட்கார்ந்திருக்க இந்தக் கேசட் விட்டது. பழைய கேசட் இருந்திருந்தால் நானும் எழுந்துதான் ஆக வேண்டும்.

ஆனாலும் ஒன்பதாவதில் ஒருமுறை கால் ஊன்றினேன். தப்பு என்னுடையது. சரிவு தொடங்கிய பிறகு முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டே 30-லிருந்து 34-க்குத் தள்ளினேன், செயின் நறநறவென்று அரைத்துவிட்டு ஏறாமல் நின்றது. கியரை அடியிலேயே மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான் பாடம். இறங்கி மறுபடி ஏறினேன், இரண்டாம் தடவை நோகாமல் வந்தது.

குறை என்றால் சமதளத்தில்தான். பழையதில் 11, 12, 13, 14, 15 என்று வரிசையாகப் பல் இருக்கும், இதில் 11-க்கு அடுத்தது 13, அப்புறம் 15. மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே கூட்டத்தோடு போகும்போது 13 கனக்கிறது, 15-ல் கால் வெறுமனே சுழல்கிறது. அந்த 14-ஐத் தேடி விரல் தன்னாலேயே லீவருக்குப் போய் வந்தது.

உங்கள் மேடுகளை 28-ல் கால் ஊன்றாமல் ஏற முடிகிறதென்றால் இதற்குச் செலவு செய்யாதீர்கள். முட்டி வலிக்க வலிக்க ஏறுகிறவர்கள் தாராளமாக மாற்றலாம். பழைய 11-28-ஐத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன், நீண்ட சமதளச் சவாரி வந்தால் மாட்டிக்கொள்வேன். சேர்த்த நாலு கண்ணியை மட்டும் கழற்றுவதாக இல்லை.