ஹட்டன் சோலார் கடை: அளந்து காட்டிவிட்டுத்தான் விற்கிறார்கள்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடலாம். பல்பு, வயர் விற்கிற கடைக்குள்ளேயே ஒரு பக்கம் பேனல்களைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். எங்கள் லயத்து வீட்டுக்கு 100 வாட் பேனல், லித்தியம் பெட்டரி, சார்ஜ் கன்ட்ரோலர் எல்லாம் இங்கேதான் எடுத்தேன். மழைக்காலத்தில் கரண்ட் போனாலும் பிள்ளைகள் படிக்க லைட் எரிய வேண்டும், அவ்வளவுதான் தேவை.

கடையில் வேலை செய்கிற தம்பி பேனலை வெளியே தூக்கி வந்து மீட்டரை வைத்தார். நல்ல மூடுபனி. வோல்டேஜ் 20க்குப் பக்கத்தில் நின்றது. "இத நம்பாதீங்க டீச்சர், அம்பியரப் பாருங்க" என்று வயரை மாற்றிக் குத்தினார். ஒரு அம்பியர்கூட வரவில்லை. கொஞ்ச நேரத்தில் வெயில் அடித்ததும் அதே பேனல் ஐந்தைத் தாண்டியது. பனியில் வோல்டேஜ் அவ்வளவாக இறங்காது, கரண்ட்தான் விழும். மலைநாட்டில் பேனல் விற்கிற எல்லோரும் இதைக் காட்ட வேண்டும். 50 வாட் கேட்டுப் போன நான் 100 எடுத்ததற்கு அதுதான் காரணம்.

போனில் வந்த ஒரு விளம்பரத்தையும் காட்டினேன். "பெரோவ்ஸ்கைட் பேனல், பாதி விலை" என்று போட்டிருந்தது. பெரோவ்ஸ்கைட் என்பது சிலிக்கனுக்குப் பதிலாக ஆய்வுகூடங்களில் முயன்று பார்க்கிற, ஈயமும் அயடினும் சேர்ந்த ஒரு படிகப் பொருள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர், "மூலை வெட்டின சதுரம், மேல வெள்ளிக் கோடு. இது சிலிக்கன் டீச்சர்" என்றார். அப்புறம், உண்மையான பெரோவ்ஸ்கைட் எப்போது வரும் என்று என்னைக் கேட்டார். நான் உயர்தர இரசாயனவியல் படிப்பிப்பவள், விடுவேனா? பிளேன்டீ வந்தது, பேச்சு நீண்டது.

2009இல் ஜப்பானில் மியாசகா என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட பெரோவ்ஸ்கைட் செல்லின் வினைத்திறன், அதாவது விழுகிற ஒளியில் மின்சாரமாக மாறுகிற பங்கு, 3.8 சதவீதம்தான். இன்று ஆய்வுகூடத்தில் 26ஐத் தாண்டிவிட்டது. கரைசலாகப் பூசி, சில நிமிடங்களில் படிகமாக்கிவிடலாம். ஆனால் அவசரமாக வளர்கிற படிகத்தின் ஓரங்களில் பிணைப்பு நிரம்பாத ஈய அயன்கள் நிற்கும். இலத்திரன்கள் அங்கே மாட்டிக்கொள்ளும், சிதைவும் அங்கிருந்துதான் தொடங்கும். அந்த ஈயத்தைப் பிடித்து வைக்கக் கரைசலில் கலந்து பார்த்த மூலக்கூறுகளில் ஒன்று, நம்ம தேயிலையில் இருக்கிற அதே கஃபீன்!

2019இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் இதைச் செய்தார்கள். கஃபீனின் காபனைல் கூட்டங்கள் (காபனும் ஒட்சிசனும் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்த இடங்கள்) ஈயத்தைப் பிடித்துக்கொள்ள, படிகம் நிதானமாக வளர்ந்தது. வினைத்திறன் 17இலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் போனது. 85 பாகை செல்சியஸில் 1300 மணி நேரம் வைத்த பிறகும் அதில் 86 சதவீதம் மிஞ்சியது. கஃபீன் இல்லாத செல் 175 மணி நேரத்திலேயே ஏறக்குறைய 60 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது.

அதே வருடக் கடைசியில் கஃபீன், தியோபுரோமின், தியோபிலின் மூன்றையும் பெரோவ்ஸ்கைட் படலத்தின் மேற்பரப்பில் பூசி ஒப்பிட்டார்கள். மூன்றும் தேயிலையில் இருப்பவை, மூலக்கூறின் எலும்புக்கூடு ஒன்றுதான். தியோபிலினில் மட்டும் காபனைல் ஈயத்தைப் பிடிக்க, சரியான தூரத்தில் இருக்கிற நைதரசனின் ஐதரசன் பக்கத்து அயடைட்டை (அயடின் அயனை) பிடிக்கிறது. கஃபீனில் அந்த ஐதரசனின் இடத்தில் மெதைல் கூட்டம் (CH₃) உட்கார்ந்திருக்கிறது. தியோபுரோமினில் ஐதரசன் மிக நெருங்கி இடைஞ்சல் செய்கிறது. வென்றது தியோபிலின், 22.6 சதவீதம். ஒரு ஐதரசன் எங்கே இருக்கிறது என்பதில் இவ்வளவு கிடக்கிறது! மூலக்கூறு வடிவமைப்பு என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் கஃபீனின் அந்தச் சூட்டுச் சோதனை நைதரசனுக்குள் நடந்தது, பெரோவ்ஸ்கைட்டுக்கோ ஈரம் ஆகாது. ஹட்டன் காற்றில் துணியே காய மாட்டேன் என்கிறது. சிலிக்கன் பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் தருகிறார்கள். அதனால் இன்றைக்குச் சிலிக்கன்தான் என்று நானும் தம்பியும் ஒரே முடிவுக்கு வந்தோம்.

குறையும் உண்டு. பேனல் மாட்டக் கொடுத்த போல்ட்டுகள் சீக்கிரமே துருப்பிடித்தன. சொன்னதும் முதலாளி மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார், ஆனாலும் நீங்கள் முதலிலேயே ஸ்டெயின்லெஸ் கேட்டு வாங்குங்கள். வயரும் தடிப்பானதாகக் கேளுங்கள், கூரைக்கும் பெட்டரிக்கும் தூரம் என்றால் மெல்லிய வயர் வோல்டேஜைத் தின்றுவிடும். போயா (பௌர்ணமி) நாளில் கடை பூட்டு.