சுவிட்ச் போர்டு பாக்ஸ்: ஹாலோ பிளாக் சுவருக்கு எதை வாங்கலாம்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி எலக்ட்ரிக்கல் கடைகளில் சுவருக்குள் பதிக்கும் பாக்ஸ் கேட்டால் மூன்று ரகம் எடுத்துப் போடுவார்கள்: மெல்லிய தகட்டு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பாக்ஸ், கனத்த தகட்டு ஜி.ஐ. பாக்ஸ், பிவிசி பாக்ஸ். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர், ஏசி என 16 ஆம்பியர் பிளக் வரும் எல்லா இடத்துக்கும் கனத்த ஜி.ஐ. பாக்ஸைத்தான் வாங்க வேண்டும். 6 மாடுலுக்கு (ஒரு மாடுல் என்பது ஒரு சின்ன சுவிட்சின் அகலம்) மேற்பட்ட நீளப் பாக்ஸுக்கும் அதுவேதான். லைட் சுவிட்சுக்கான சின்னப் பாக்ஸுக்கு நல்ல பிவிசி போதும். மெல்லிய தகடு எந்த இடத்துக்கும் வேண்டாம்.

கனத்த ரகமான 18 கேஜ் தகடு சுமார் 1.2 மி.மீ. கனம், மெல்லிய ரகமான 22 கேஜ் 0.7 மி.மீ.தான். கடையில் கேஜ் கேட்பதோடு நிற்காமல் 8 மாடுல் பாக்ஸின் நீளப் பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரலுக்கே உள்வாங்கும் தகடு, கொத்தனார் கலவையை இறுக்கி அடைக்கும்போது இன்னும் வளையும். கலவை காய்ந்தபின் அதை நிமிர்த்த முடியாது; சுவிட்சுகளைத் தாங்கும் ஃபிரேம் உள்ளே இறங்காமல் முட்டும். அடுத்து, ஸ்குரூ ஏறும் காதைப் பாருங்கள். காது ஆடக்கூடாது, மரை சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு பக்கக் காது கொஞ்சம் நகரும்படி இருந்தால் நல்லது. பாக்ஸ் லேசாகச் சாய்ந்திருந்தாலும் பிளேட்டை நேராக்கிவிடலாம். எந்தக் கம்பெனி பிளேட் போடப் போகிறீர்களோ அதில் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். 16 ஆம்பியர் இடத்துக்கு 50 மி.மீ. ஆழம் இருந்தால்தான் 4 சதுர மி.மீ. வயர் நசுங்காமல் மடங்கும்.

பிவிசி துருப்பிடிக்காது, பாக்ஸுக்கு எர்த் தேவையில்லை, விலையும் குறைவு. பலவீனம் ஸ்குரூ ஏறும் இடத்தில்தான். பிளாஸ்டிக்கிலேயே மரை இருந்தால் பிளேட்டை நாலைந்து முறை கழற்றி மாட்டியதும் தேய்ந்துபோய் ஸ்குரூ பிடிப்பே இல்லாமல் சுற்றும். பித்தளை நட்டு பதித்தது கிடைத்தால் அதை எடுங்கள்.

பாக்ஸ் எவ்வளவு நல்லதானாலும் சுவருக்குத் தக்கபடி பதிக்காவிட்டால் பயனில்லை. இரு மாவட்டங்களிலும் புது வீடுகள் நிறைய ஹாலோ பிளாக்கில்தான் எழும்புகின்றன. அதிகம் கெட்டுப்போவதும் அங்கேதான். 4 அங்குல ஹாலோ பிளாக்கின் முகப்புச் சுவர் ஏறக்குறைய 25 மி.மீ.; 50 மி.மீ. பாக்ஸுக்கு வெட்டினால் உள்ளிருக்கும் பொந்து திறந்துகொள்ளும். பின்னால் அணைப்பு இல்லாததால் அடைக்கிற கலவையெல்லாம் பொந்துக்குள் விழுந்துவிடும். ஓரத்தில் மட்டும் கலவை பிடித்த பாக்ஸ், பிளக்கை இழுக்க இழுக்க ஒரு வருடத்தில் பிளேட்டோடு ஆட ஆரம்பிக்கும். எனவே பொந்தின் அடியைச் செங்கல் துண்டால் அடைத்து, 1:3 கலவையால் (ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல்) நிரப்பி, ஒரு நாள் இறுகவிட்ட பிறகே பாக்ஸை வையுங்கள். சுவர் எழும்பும்போதே போர்டு வரும் இடத்தின் பொந்துகளைக் கான்கிரீட்டால் நிரப்பச் சொன்னால் வேலை பாதியாகக் குறையும். உளி வைத்து அடிக்காதீர்கள், மறுபக்கம் விரிசல் விடும். கட்டிங் மெஷினால் நான்கு ஓரமும் அறுத்துவிட்டு மெதுவாகத் தட்டி எடுக்க வேண்டும். நாலரை அங்குலச் செங்கல் சுவரிலும் நாலு அங்குல பிளாக்கிலும் இரண்டு அறைக்கும் முதுகோடு முதுகாகப் பாக்ஸ் வைப்பதை அடியோடு தவிருங்கள். ஒரு அடியாவது தள்ளி வையுங்கள்.

ஓசூர் அடுக்குமாடிகளில் வரும் ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழ் நிறைந்த எடை குறைந்த கான்கிரீட் கல்) வேறு மாதிரி. அது தண்ணீரை உறிஞ்சிவிடும் என்பதால் சாதாரணக் கலவை இறுகும் முன்பே காய்ந்து உதிரும். தூசியைத் துடைத்து, நனைத்து, பிளாக் ஒட்டும் பசைக்கலவையால் பதிக்க வேண்டும்.

பாக்ஸ் வாய் எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதில்தான் எலக்ட்ரீஷியனுக்கும் கொத்தனாருக்கும் சண்டை வரும். பூச்சுக்காகக் கொத்தனார் வைக்கும் புள்ளிகளுக்கிடையே நூல் பிடித்து, பாக்ஸின் வாய் நூலுக்கு 2 மி.மீ. உள்ளே இருக்கும்படி வைத்தால் தகராறே இல்லை. புள்ளி வைக்கும் முன்பே பதித்தால், 12 மி.மீ. பூச்சென்று நினைத்த சுவரில் 20 மி.மீ. ஏறிப் பாக்ஸ் புதைந்துவிடும். அப்புறம் நீள ஸ்குரூ போட்டு இழுத்தால் ஃபிரேம் வளைந்து சுவிட்ச் அழுத்தும்போதெல்லாம் அமுங்கும். சமையலறையில் டைல்ஸின் கனத்தையும் ஒட்டும் கலவையையும் சேர்த்து 20 மி.மீ. வரை வெளியே நிறுத்த வேண்டியிருக்கும். உயரத்தைக் கரடுமுரடான தரையிலிருந்து அளக்காதீர்கள். கிரானைட் போடும் வீட்டில் கல்லும் அடிக்கலவையும் சேர்ந்து தரை மூன்று அங்குலம் வரை உயரும். தண்ணீர் டியூப்பால் மட்டம் பார்த்துப் போட்ட கோட்டிலிருந்து அளந்தால்தான் எல்லா அறையிலும் போர்டு ஒரே உயரத்தில் வரும்.

குழியைப் பாக்ஸைவிட நாலு புறமும் 10 மி.மீ. பெரிதாக வெட்டி, தூசி தட்டி, தண்ணீர் தெளிக்க வேண்டும். பாக்ஸுக்குள் தெர்மாகோலை இறுக்கமாகத் திணித்தால் தகடும் வளையாது, கலவையும் உள்ளே போகாது. காதுகளின் மரைமேல் டேப் ஒட்டிவிடுங்கள். 16 ஆம்பியர் பாக்ஸுக்குப் பின்தகடு வழியாக இரண்டு ஸ்குரூவும், அவற்றுக்குச் சுவரில் பதிக்கும் பிளாஸ்டிக் பிளக்கும் போட்டு இறுக்கிய பிறகு கலவையை அடையுங்கள். ஜிப்சம் பிஓபியை வைத்து ஐந்து நிமிடத்தில் ஒட்டிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தற்காலிகமாக நிறுத்திவைக்க அது சரி, ஆனால் ஈரம் ஏறும் வெளிச்சுவரிலும் குளியலறைப் பக்கத்திலும் அது ஊறி விட்டுவிடும். மூன்று நாள் தண்ணீர் தெளித்தபின் வாயைப் பிடித்து அசைத்துப் பாருங்கள், சுற்றிலும் தட்டியும் பாருங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் அந்த இடத்தை மட்டும் கொத்தி மறுபடி அடைக்க வேண்டும்.

ஜி.ஐ. பாக்ஸில் பைப் நுழையும் துளைக்குப் புஷ் (விளிம்பை மூடும் வளையம்) போடாவிட்டால் தகட்டு விளிம்பு வயரின் தோலைக் கிழிக்கும். எர்த் வயரைப் பாக்ஸின் ஸ்குரூவிலும் கட்டியே ஆக வேண்டும். சாக்கெட்டுக்கு மட்டும் எர்த் கொடுத்துவிட்டுப் பாக்ஸை விட்டுவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. கழன்ற ஃபேஸ் வயர் தகட்டைத் தொட்டால் பிளேட் ஸ்குரூ வரை கரண்ட் வரும்.

பென்னாகரம், அரூர் பக்கத்துப் பழைய மண் சுவர் வீடுகளுக்கு சுவருக்குள் பதிக்கும் இந்த மூன்று ரகப் பாக்ஸுமே பொருந்தாது. சுவரின்மேல் மரப்பலகை அடித்து, அதில் மேலே பொருத்தும் பிவிசி பாக்ஸும், வயரை மூடும் கேசிங் பட்டையும் போடுவதே அங்கே நிற்கும்.