முதல் ட்ரோன் எது? எடை, சட்டம், கைப்பழக்கம்: ஓர் ஒப்பீடு

பொழுதுபோக்காக ட்ரோன் பறக்கவிட விரும்புகிறவர் யாரிடம் ஆலோசனை கேட்டாலும் நான்கு பதில்களில் ஒன்றுதான் கிடைக்கும். 250 கிராமுக்குக் குறைவான, ஜிபிஎஸ் உள்ள கேமரா ட்ரோனை வாங்கச் சொல்வார் ஒருவர். காற்றைத் தாங்கி நிற்கும் ஒரு கிலோ அளவிலான கேமரா ட்ரோனையே முதலில் வாங்கிவிடலாம் என்பார் இன்னொருவர். ட்ரோனின் கேமராப் படத்தைக் கண்முன் காட்டும் கண்ணாடியை அணிந்துகொண்டு விமானியின் பார்வையிலேயே ஓட்டும் எஃப்.பி.வி. ட்ரோனைத் தம் கையாலேயே கட்டச் சொல்வோர் உண்டு. உள்ளங்கையில் அடங்கும் சிறு ட்ரோனும் கணினியில் ஒரு சிமுலேட்டரும் தொடக்கத்துக்குப் போதும் என்போரும் உண்டு. படத்தின் தரம், பறக்கும் நேரம், விலை ஆகியவற்றைக் கொண்டு இவற்றை ஒப்பிடுவதே வழக்கம். நான் ஒப்பிட விரும்புபவை வேறு இரண்டு: ஒவ்வொரு வழியும் நம்மை எந்தச் சட்டக் கடமைகளுக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதும், எந்தத் திறமையைக் கற்றுத் தராமல் விட்டுவிடுகிறது என்பதும். இரண்டாவதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசப்படுவதால் அதற்கே அதிக இடம் தருகிறேன்.

250 கிராம் என்ற எல்லைக்கு உண்மையான சட்டப் பயன் உண்டு. அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காக மட்டும் பறக்கவிடுவோருக்கு அந்த எடையைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். கனடாவிலும் சிங்கப்பூரிலும் பதிவுக் கடமை ஏறத்தாழ அங்கேதான் தொடங்குகிறது. இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் அந்த எடைவரை உள்ளவற்றை நானோ வகை என்று தனியே பிரித்து, அவற்றை இயக்க விமானிச் சான்றிதழ் தேவையில்லை என்கின்றன. ஆனால் 250 கிராமுக்குக் கீழே விதிகளே இல்லை என்று இதைப் புரிந்துகொள்வது பெரும் பிழை. அமெரிக்காவில் எடை எதுவாக இருந்தாலும் பொழுதுபோக்கு விமானி ட்ரஸ்ட் என்னும் இணையவழிப் பாதுகாப்புத் தேர்வை முடித்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ட்ரோன் இலகுவாக இருந்தாலும், அது பொம்மை வகையைச் சேராமல் கேமராவும் கொண்டிருந்தால், அதை இயக்குபவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஜப்பான் 2022 ஜூன் முதலே 100 கிராம் எடையிலிருந்து பதிவைக் கட்டாயமாக்கிவிட்டது. பிரிட்டனும் 2026 ஜனவரி 1 முதல் 100 கிராமிலிருந்தே விமானிக்குத் தேர்வையும் அடையாள எண்ணையும் கேட்கிறது. உயர வரம்பு பல நாடுகளில் சுமார் 120 மீட்டர் என்றாலும், சிங்கப்பூரில் அனுமதியின்றிப் பறக்கக்கூடியது ஏறக்குறைய 60 மீட்டர்தான். சில இடங்களில் சட்டம் வாங்குவதற்கு முன்பே குறுக்கிடுகிறது: இந்தியா 2022 பிப்ரவரியில் முழுமையாகக் கட்டப்பட்ட ட்ரோன்களின் இறக்குமதியைச் சில விலக்குகளோடு தடைசெய்தது, மொராக்கோவுக்குப் பயணிகள் முன் அனுமதியின்றி ட்ரோன் கொண்டுசெல்ல முடியாது. எனவே பெட்டியில் அச்சிட்ட எடையை மட்டும் பார்த்து வாங்காமல், பறக்கவிடப் போகும் நாட்டின் விமானப் போக்குவரத்து ஆணையம் இன்றைக்கு என்ன சொல்கிறது என்பதைப் படித்துவிட்டே வாங்க வேண்டும்.

இலகு ட்ரோன் வகையில் இன்னொரு கண்ணியும் உண்டு. 249 கிராம் என்று விற்கப்படும் சில மாதிரிகளுக்கு நீண்ட நேரம் பறக்கும் பெரிய பேட்டரியும் தனியே கிடைக்கிறது. அதைப் பொருத்தியதும் எடை 290 கிராம் அளவுக்குப் போய்விடும். விசிறிக் காப்பு, இரவு விளக்கு, கேமரா வடிகட்டி ஆகியவையும் அப்படித்தான். சட்டம் பார்ப்பது புறப்படும்போது உள்ள மொத்த எடையை. ஆகவே இதைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்ப்பது வீண் வேலை அன்று.

எடை குறைந்தால் ஆபத்தும் குறையும் என்பது கணக்களவில் சரியே. 249 கிராம் ட்ரோன் நொடிக்கு 16 மீட்டர் வேகத்தில் மோதினால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 32 ஜூல். 900 கிராம் ட்ரோன் நொடிக்கு 20 மீட்டரில் வந்தால் 180 ஜூல். ஆயினும் 2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயின்போது, தீயணைப்புக்காகத் தண்ணீர் சுமந்து பறந்துகொண்டிருந்த விமானத்தின் இறக்கையைத் துளைத்து, அதைப் பணியிலிருந்து விலக்கியது இந்த இலகு வகையைச் சேர்ந்த ஒரு கேமரா ட்ரோன்தான். தற்காலிகத் தடை விதிக்கப்பட்டிருந்த வான்வெளியில், இரண்டரை கிலோமீட்டருக்கும் மேலாக அதை அனுப்பிவிட்டு, அது கண்ணுக்குத் தெரியாத நிலைக்குப் போயிருந்தார் அதை இயக்கியவர். இந்த நிகழ்வை நான் இங்கே நினைவூட்டுவது அவரைக் குறை சொல்வதற்காக அன்று. பெட்டியின் மேல் பத்து கிலோமீட்டர் வீச்சு என்று பெருமையாக அச்சிடப்படும் ஒரு கருவி, ட்ரோனைக் கண்ணுக்கெட்டும் தொலைவிலேயே வைத்திருக்க வேண்டும் என்னும் அடிப்படை விதியை மீறுவதை எவ்வளவு எளிதாக்கிவிடுகிறது என்பதற்காகவே. சிறிய ட்ரோன் 300 மீட்டர் தள்ளிப் போனாலே அதன் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது என் கண்ணுக்குத் தெரிவதில்லை. திரையில் தெரியும் படம் ட்ரோன் பார்ப்பதைக் காட்டுமே தவிர, அதற்கு மேலேயும் பின்னாலேயும் வருவதைக் காட்டாது. தடைப் பகுதியில் கருவி தானாகவே கிளம்ப மறுத்துவிடும் என்று நம்பியிருப்பதற்கும் இனி இடமில்லை: ட்ரோன் தயாரிக்கும் டி.ஜே.ஐ. நிறுவனம் அந்தப் பூட்டை ஐரோப்பாவில் 2024-லும் அமெரிக்காவில் 2025 ஜனவரியிலும் வெறும் எச்சரிக்கையாக மாற்றிவிட்டது.

ஜிபிஎஸ் கேமரா ட்ரோனைப் பற்றிய என் முதன்மையான தயக்கம், சிறியதானாலும் பெரியதானாலும், வேறொன்று. விரலை எடுத்தால் அது அந்தரத்தில் அப்படியே நிற்கிறது. இதனால் முதல் நாளிலேயே நமக்கு ஓட்டத் தெரிந்துவிட்டதாகத் தோன்றுகிறது. உண்மையில் ஓட்டிக்கொண்டிருப்பது செயற்கைக்கோள் குறிகைகளும், திசைகாட்டியும், கீழ்நோக்கிய கேமராக்களும்தான். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளுக்கு மேலிருந்தோ வாகனத்துக்கு அருகிலிருந்தோ கிளப்பினால் திசைகாட்டி குழம்பலாம். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே செயற்கைக்கோள்கள் மறையலாம். நீர்ப்பரப்பின் மேலும் இருட்டிலும் கீழ்நோக்கிய கேமராக்கள் தடுமாறும். அந்த நொடியில் ட்ரோன் நிற்பதை மறந்து காற்றோடு நகரத் தொடங்குகிறது. அதுவரை தன் கையால் காற்றை எதிர்த்துப் பிடித்தே பழகாத ஒருவர், மிக மோசமான சூழலில் முதன்முறையாக அதைச் செய்ய வேண்டியவராகிறார். தானே வீடு திரும்பும் வசதியும் முழுப் பாதுகாப்பு அன்று: திரும்பும் உயரத்தை மரங்களுக்குக் கீழே அமைத்திருந்தால் அது நேராக மரத்துக்குள் போகும்; புறப்பட்ட இடத்தைப் பதிவு செய்துகொள்ளும் முன்பே கிளப்பிவிட்டால் எங்கே திரும்பும் என்பதற்கு உறுதியில்லை; எதிர்க்காற்று பலமாக இருந்தால் வழியிலேயே பேட்டரி தீர்ந்துவிடும்.

எஃப்.பி.வி. வழி இதற்கு நேர் எதிர். அக்ரோ எனப்படும் முழுக் கைமுறை ஓட்டத்தில் எந்தக் கருவியும் சாய்ந்த ட்ரோனை நமக்காக மட்டநிலைக்குத் திருப்பாது. விரலை எடுத்தால் அது எந்தச் சாய்வில் இருந்ததோ அந்தச் சாய்விலேயே சரிந்துகொண்டு போகும். இப்படிக் கற்றவரின் கை, ஜிபிஎஸ் போனாலும் கலங்குவதில்லை. ஆனால் இதன் சுமை பெரிது. கண்ணாடி அணிந்தவருக்குச் சுற்றுப்புறம் தெரியாது என்பதால் பல நாடுகள் அருகில் நின்று வெறும் கண்ணால் ட்ரோனைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு துணைவரைக் கேட்கின்றன. அந்த நாடுகளில் தனியே போய்ப் பழகுவது சட்டப்படி முடியாது. காணொளி அனுப்பியின் ஆற்றலுக்கு வானொலிச் சட்டம் வரம்பு விதிக்கிறது. ஐரோப்பாவில் அது 25 மில்லிவாட், விற்பனைக்கு வரும் கருவிகளோ அதைப்போல் பல மடங்கு ஆற்றலுடையவை. அமெரிக்காவில் 250 கிராமைத் தாண்டி நாமே கட்டிய ட்ரோனுக்கு, பறக்கும்போதே அதன் அடையாளத்தையும் இடத்தையும் ஒலிபரப்பும் ரிமோட் ஐடி தொகுதியைப் பொருத்த வேண்டும், அல்லது அதற்கென அங்கீகரிக்கப்பட்ட களத்துக்குள்ளேயே பறக்க வேண்டும். கட்டும்போது மின்கம்பிகளை ஈயத்தால் பற்றவைப்பதில் ஏற்படும் ஒரு சிறு குறுக்குச்சுற்றே லித்தியம் பாலிமர் பேட்டரியைத் தீயாக்கப் போதுமானது. அந்தப் பேட்டரியை ஒரு கலத்துக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, 3.8 வோல்ட் அளவில்தான் சேமித்து வைக்க வேண்டும், உப்பியதைப் பயன்படுத்தவே கூடாது. கட்டி முடித்த ட்ரோனுக்கு முதன்முதலாக மின்சாரம் தரும்போது விசிறிகளைக் கழற்றியிருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தராத வீட்டில் இந்த வழியைத் தொடங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். அருகில் ஒரு மாதிரி விமானக் கழகம் இருந்தால் நிலைமை மாறும்: அங்கே களமும், துணைவரும், பல நாடுகளில் காப்பீடும் ஒன்றாகக் கிடைக்கின்றன.

பெரிய கேமரா ட்ரோனைப் பற்றி நீட்டிப் பேச அதிகமில்லை. காற்றில் நன்றாக நிற்கும், தொலைவிலும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் பதிவு, தேர்வு, மனிதர்களிடமிருந்து விலகல் என எல்லாக் கடமைகளும் முதல் நாளே வந்து சேரும். ஐரோப்பாவில் 900 கிராமைத் தாண்டிய, சி2 என்று குறியிடப்பட்ட வகையை மனிதர்களுக்கு 30 மீட்டர்வரை நெருங்கிப் பறக்கவிடவே கூடுதல் தேர்வு வேண்டும். ஜெர்மனியில் காப்பீடு எல்லா எடைக்கும் கட்டாயம். மற்ற நாடுகளிலும் இந்த எடைக்கு அது இல்லாமல் கிளம்புவது பொறுப்பற்ற செயல் என்றே கருதுகிறேன்.

நான்காவது வழியைப் பொம்மை என்று ஒதுக்குவோரே அதிகம். நான் முதலிடம் தருவது அதற்குத்தான். நான்கு சுவர்களுக்குள் பறக்கும் முப்பது கிராம் ட்ரோன் பெரும்பாலான நாடுகளில் வான்வெளிச் சட்டத்துக்குள் வருவதேயில்லை, ஒருவரைக் காயப்படுத்தும் வாய்ப்பும் மிகக் குறைவு. ஜிபிஎஸ் இல்லாததால் ஒவ்வொரு நொடியும் அதைக் கையால் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அதன் முகம் நம்மை நோக்கித் திரும்பும்போது இடமும் வலமும் மாறிப்போகும் குழப்பம், ட்ரோன் பழகுவோர் அனைவரும் கடந்தாக வேண்டிய ஒன்று. அதைக் கூடத்தின் நடுவே ஐம்பது முறை சுவரில் மோதிக் கடப்பது, வெளியில் ஒருமுறை மோதிக் கடப்பதைவிட நல்லது. உண்மையான ரிமோட்டைக் கணினியோடு இணைத்து லிஃப்ட்ஆஃப், வெலோசிட்ரோன் போன்ற சிமுலேட்டரில் பழகினால், அக்ரோ முறையையும் எதையும் உடைக்காமல் கற்கலாம். காற்றையும், வான்வெளி வரைபடத்தையும், மனிதர்கள் திடீரென நடுவே வருவதையும் இந்த வழி கற்றுத் தராது. அதற்காகவே இதன் பின்னால் 250 கிராமுக்குக் குறைவான ஜிபிஎஸ் ட்ரோனை வைக்கிறேன், முன்னால் அன்று.

அந்த இரண்டாம் ட்ரோனை முதன்முதலாக வெளியே எடுத்துச் செல்லும் நாளில் படம் எடுப்பதைத் தள்ளிப்போடலாம். ஆளில்லாத திறந்த வெளியில், புறப்பட்ட இடம் பதிவாகிவிட்டதைத் திரையில் பார்த்து, திரும்பும் உயரத்தைச் சுற்றிலும் உள்ள மிக உயர்ந்த மரத்துக்கு மேலே, ஆனால் அந்த நாட்டின் சட்ட வரம்புக்குக் கீழே அமைத்து, ஐம்பது மீட்டர் தொலைவுக்கு அனுப்பி, வீடு திரும்பும் பொத்தானை அழுத்தி, அது எவ்வளவு உயரம் ஏறுகிறது, எந்தப் பாதையில் வருகிறது என்று கவனித்து, பாதி வழியில் அதை நிறுத்திவிட்டு மீதித் தொலைவைக் கையால் ஓட்டி வந்து இறக்க வேண்டும். பேட்டரி முப்பது விழுக்காட்டைத் தொடும்போது தரையில் இருக்கும்படி இதையே மூன்று முறை செய்துவிட்டு, அன்றைய பறத்தலை முடித்துக்கொள்ளலாம்.