விம், ஈமாக்ஸ், நியோவிம்: தமிழ் உரையைக் கையாளும் உள்ளிணைந்த செயற்கூறுகள்

நிரல் எழுதித் தம் தேவைக்கேற்ப வளைத்துக்கொள்ளக்கூடிய விம், ஈமாக்ஸ், நியோவிம் போன்ற உரைத்திருத்திகளை ஒப்பிடுவோர் பெரும்பாலும் விசைக் கட்டளைகளையும் தோற்றத்தையும் பற்றியே பேசுகின்றனர். பழைய நூல்களை மின்னுருவாக்குவோருக்கும் மெய்ப்புப் பார்ப்போருக்கும் அதைவிட முதன்மையான கேள்வி வேறு: ஒரு திருத்தியோடு சேர்ந்தே வரும் செயற்கூறுகள் (ஃபங்ஷன்கள்) உரையை எந்த அலகில் எண்ணுகின்றன, எங்கே வைத்துத் திருத்துகின்றன என்பதே அது. ஆங்கில உரையில் இந்த வேறுபாடு கண்ணுக்குப் படுவதே இல்லை. தமிழ் உரையிலோ முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

'தமிழ்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். நமக்கு அது மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யூடிஎஃப்-8 என்னும் சேமிப்பு முறையில் 15 பைட். விம் திருத்தியின் 'ஸ்டிர்லென்' செயற்கூறு 15 என்றும், 'ஸ்டிர்சார்ஸ்' 5 என்றும், 'ஸ்டிர்சார்லென்' 3 என்றும் விடை தருகின்றன. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அவற்றுக்கு முன்னுள்ள எழுத்தோடு ஒட்டியவையாகவே விம் கருதுவதால்தான் இந்த மூன்றாவது விடை கிடைக்கிறது. 'ஸ்பிளிட்' செயற்கூறுக்கு எழுத்துகளுக்கு இடையே வெறுமையாகப் பொருந்தும் தேடல் வடிவத்தைக் கொடுத்துச் சொல்லைப் பிரித்தாலும் த, மி, ழ் என்றே வருகிறது. ஆகவே ஒரு சொல்லைத் திருப்பி எழுதவோ, ஓரடியில் எத்தனை எழுத்து என்று கணக்கிடவோ கூடுதலாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றை மட்டும் இரண்டிரண்டாக எண்ணும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விம் நிரல்மொழியின் பழைய வடிவத்தில் ஒரு பெருங்குறை உண்டு. சரத்தின் (எழுத்துத் தொடரின்) பின் சதுர அடைப்புக்குறியில் இடத்தைக் குறிக்கும் சுட்டெண் கொடுத்தால் அது பைட்டையே எடுக்கும். தமிழ்ச் சொல்லின் முதல் பைட்டால் யாருக்கும் பயனில்லை. 2022-இல் வெளிவந்த விம் 9.0 கொண்டுவந்த புதிய நிரல்மொழி இதைச் சரிசெய்தது: அங்கே சுட்டெண் 1 கேட்டால் (எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குகிறது) 'மி' முழுதாகக் கிடைக்கிறது. வேகம் பத்து முதல் நூறு மடங்கு கூடும் என்று அதன் உதவி ஆவணம் சொல்வதைத்தான் பலர் எடுத்துக்காட்டுகின்றனர். தமிழில் எழுதுவோருக்கு இந்தச் சுட்டெண் மாற்றமே பெரிய வரவு என்பது என் கருத்து.

ஈமாக்ஸின் நிரல்மொழியான ஈமாக்ஸ் லிஸ்ப் எண்ணிக்கையில் இந்த அளவுக்கு நமக்கு இணங்கி வருவதில்லை. அதன் 'லெங்த்' 5 என்றும் 'ஸ்ட்ரிங்-பைட்ஸ்' 15 என்றும் சொல்கின்றன. மூன்று என்ற விடை வேண்டுமானால் ஒவ்வொரு குறியீட்டின் யூனிகோடு வகையையும் கேட்டு, சார்புக் குறிகளைக் கழித்து நாமே எண்ணலாம். நிரலுக்குள் ஓரிடம் முன்னே நகரச் சொன்னால், மகரத்துக்கும் அதன் இகரக் குறிக்கும் நடுவே போய் நிற்கவும் அது தயங்காது.

ஆனால் உரையைத் திருத்தும் வேலைக்கு வரும்போது நிலைமை தலைகீழாகிறது. விம்மின் 'கெட்லைன்', 'செட்லைன்' ஆகியவை கோப்பை வரிகளின் பட்டியலாகவே பார்க்கின்றன. வருடிய (ஸ்கேன் செய்த) நூலொன்றில் வரி முடிவில் இணைகோடிட்டு உடைந்த சொற்களை இவற்றைக் கொண்டு ஒட்ட வேண்டுமானால், எல்லா வரிகளையும் ஒரே சரமாக்கி, மாற்றி, மறுபடி பிரித்து, திரும்ப எழுதி, எஞ்சிய பழைய வரிகளை நீக்க வேண்டியிருக்கிறது. அதனால் விம் பயனர்கள் செயற்கூறை விட்டுவிட்டு மாற்றீட்டுக் கட்டளையையே நிரலுக்குள்ளும் பயன்படுத்துகின்றனர். ஈமாக்ஸில் பஃபர் (திறந்த கோப்பின் உரை) முழுவதும் ஒரே தொடர் உரை. 'ரீ-சர்ச்-ஃபார்வர்டு' தேடிச் செல்கிறது, 'ரீப்ளேஸ்-மேட்ச்' அந்த இடத்திலேயே மாற்றுகிறது, வரி முறிவு இன்னொரு குறியீடு மட்டுமே. இடையில் பிழை நேர்ந்தாலும் கர்சரைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து சேர்க்கும் 'சேவ்-எக்ஸ்கர்ஷன்' போன்றதொரு ஏற்பாடு விம்மில் இல்லை. 'வின்சேவ்வியூ' கொண்டு நிலையைச் சேமித்து, 'வின்ரிஸ்டோர்வியூ' கொண்டு நாமே மீட்க வேண்டும்.

ஈமாக்ஸின் பக்கம் இன்னொரு வலுவான காரணமும் இருக்கிறது. 'கொ' என்பதை ஒகரக் குறி ஒன்றைக் கொண்டும் தட்டலாம். எகரக் குறியையும் கால் குறியையும் அடுத்தடுத்து இட்டும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். பல கைகளில் தட்டச்சான கோப்புகளில் தேடல் தவறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஈமாக்ஸோடு வரும் இயல்பாக்கச் செயற்கூறுகளில் ஒன்றை ஒருமுறை இயக்கினால் கோப்பு முழுவதும் ஒரே வடிவுக்கு வந்துவிடுகிறது. விம்மில் இதற்கென்று ஒரு செயற்கூறு இல்லாததால், மாற்றீட்டு விதிகளைக் கையால் எழுத வேண்டும்.

விம்மின் கிளையான நியோவிம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதன் நிரல்மொழியான லுவா சரத்தைப் பைட்டாகவே பார்ப்பதால், நீளம் கேட்டால் 15 என்னும். சரத்தைத் திருப்பச் சொன்னால் எழுத்துகள் சிதையும். லுவா 5.3-இல் வந்த யூடிஎஃப்-8 நூலகமும் நியோவிம்மில் இல்லை. ஆனால் 'விம்.எஃப்என்' என்ற பாலத்தின் வழியே 'ஸ்டிர்சார்லென்' உள்ளிட்ட விம் செயற்கூறுகளை அப்படியே அழைக்கலாம் என்பதால், தமிழ் உரைக்கு லுவாவின் சரச் செயற்கூறுகளைத் தொடாமலே இருந்துவிடலாம். பாலத்தைக் கடக்கும்போது ஒரு கண்ணி காத்திருக்கிறது: கோப்பைப் படிக்க முடியுமா என்று சொல்லும் 'ஃபைல்ரீடபிள்' போன்றவை 'இல்லை' என்பதற்குச் சுழியத்தைத் திருப்பும், லுவாவிலோ சுழியம் மெய் (உண்மை) என்றே கொள்ளப்படும், ஆகவே விடையை எண்ணோடு ஒப்பிடாமல் எழுதிய நிபந்தனை எப்போதும் நிறைவேறிக்கொண்டே இருக்கும். மேலும் பாலத்தின் செயற்கூறுகள் வரிகளை ஒன்றிலிருந்து எண்ண, நியோவிம்மின் சொந்த பஃபர் செயற்கூறுகள் சுழியத்திலிருந்து எண்ணுகின்றன. வரியின் ஒரு பகுதியை மட்டும் மாற்றும் வசதி அந்தச் சொந்தச் செயற்கூறுகளில் இருப்பது 'செட்லைன்'ஐ விட மேலானதுதான். ஆனால் அதற்குக் கொடுக்கும் இடங்களைப் பைட்டில் சொல்ல வேண்டும்.

யாப்பு, எழுத்தெண்ணிக்கை, சொற்பட்டியல் என்று எழுத்தளவில் வேலை செய்வோருக்கு விம் 9-ஐயும், நூறு பக்க நூலைச் சீர்செய்வோருக்கு ஈமாக்ஸையும் நான் பரிந்துரைப்பேன். நியோவிம்மில் ஏற்கெனவே பழகியவர்கள் அதை விட்டு வர வேண்டியதில்லை. இயல்பாக்கத்தை மட்டும் வெளியே ஒரு பைத்தான் நிரலில் முடித்துவிட்டு, எண்ணும் வேலையைப் பாலத்தின் வழி விம் செயற்கூறுகளிடம் ஒப்படைத்தால் போதும்.