“வெறும் 2,314 படம்தான் எடுத்திருக்கு தம்பி”

புதிதாகக் கேமரா பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் எதில் தொடங்கலாம், என்ன வாங்கலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் வயிறு எரிகிறது. முதலில் இதைக் கொட்டிவிடுகிறேன். என் எட்டு மாதச் சேமிப்பு போய்விட்டது.

பழைய கேமராக்களை வாங்கி விற்கும் கடை அது. பெயர் வேண்டாம். லென்ஸ் மாற்றக்கூடிய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று, கூடவே அதோடு வழக்கமாக வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸ். கடைக்காரர் என்னைக் கொஞ்சமும் அவசரப்படுத்தவில்லை, அதில்தான் விழுந்தேன். கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டு அரை மணி நேரம் பாடம் எடுத்தார். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துவாரம் பெரிதாகும், ஒளியைத் திறந்து மூடும் ஷட்டரின் வேகம் குறைந்தால் கை ஆட்டம் படத்தில் தெரியும், ஐஎஸ்ஓ என்கிற ஒளி உணர்திறனை ஏற்றினால் படம் புள்ளி புள்ளியாகும். எத்தனையோ வீடியோ பார்த்தும் மண்டையில் ஏறாதது அன்றைக்குத்தான் ஏறியது. சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். இவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தருகிற மனிதர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்?

அப்புறம் ஒரு படம் எடுத்து, திரையில் அதன் கோப்பு எண்ணைக் காட்டினார். 2314. “பாருங்க தம்பி, வெறும் 2,314 படம்தான் எடுத்திருக்கு. புதுசு மாதிரி.” நான் தலையாட்டினேன். பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

அந்த எண் ஒரு மண்ணுக்கும் உதவாது என்று இப்போதுதான் தெரிகிறது. கோப்பு எண்ணுக்கு நான்கு இலக்கம்தான். 9999 வந்ததும் மறுபடி 0001. மெனுவுக்குள் போய் நாமே திரும்ப ஒன்றிலிருந்து தொடங்க வைக்கவும் முடியும். ஷட்டர் மொத்தம் எத்தனை முறை அடித்தது என்பது வேறு கணக்கு.

பத்தொன்பதாம் நாள் படங்களின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழ ஆரம்பித்தது. போன் செய்தேன். “ஃபிளாஷ் போட்டு ஷட்டர் வேகத்தை ரொம்ப ஏத்தியிருப்பீங்க, அப்படித்தான் வரும்.” வரும்தான், ஆனால் நான் ஃபிளாஷைத் திறக்கவே இல்லையே! அடுத்த முறை கேட்டதற்கு மெமரி கார்டை மாற்றிப் பார்க்கச் சொன்னார். மாற்றினேன். அதற்கடுத்த முறை, “நீங்க புதுசு தம்பி, பழகப் பழகச் சரியாயிடும்.” பழகினால் ஷட்டர் சரியாகுமா? இரண்டு நாளில் கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி மேலேயே சிக்கிக்கொண்டு கேமரா பிழைச் செய்தி காட்டியது. அதன் பிறகு நான் அனுப்பியவற்றுக்கு நீல டிக் மட்டும்தான்.

சர்வீஸ் செய்கிறவர் கணினியில் மாட்டிப் பார்த்தார். ஷட்டர் அடித்த எண்ணிக்கை 1,62,000 தாண்டியிருந்தது. அந்த மாடலின் ஷட்டருக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஆயுளே 1,00,000தான். அதைத் தாண்டி ஓடுகிற ஷட்டர்களும் உண்டு, ஆனால் “புதுசு மாதிரி” என்று எப்படி வாய் கூசாமல் சொன்னார்? போதாததற்கு லென்ஸின் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துக் காட்டினார் சர்வீஸ்காரர். உள்ளே வேர் வேராகப் பூஞ்சை. ஷட்டர் மாற்றும் செலவுக்கு இன்னொரு பழைய கேமராவே வாங்கலாம் என்றார். கடைக்கு நேரில் போய்க் கேட்டால், பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருந்த “உள்ளது உள்ளபடி” என்ற வரியில் விரலை வைத்தார் நம் ஆசிரியர். எட்டு மாதச் சேமிப்புக்கு அந்த ஒரு வரிதான் பதில்.

யோசனை சொல்கிறேன் என்றேன் அல்லவா, சுருக்கமாக: பழைய கேமரா என்றால் ஷட்டர் எண்ணிக்கையைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். நிகான் என்றால், அங்கேயே எடுத்த படத்தை எடிட் செய்யாமல் அப்படியே கணினியில் போட்டுப் படித்துவிடலாம். கேனானின் பல மாடல்களில் அது படத்துக்குள் பதிவாகாது, தனி மென்பொருளோ சர்வீஸ்காரரோ வேண்டும். லென்ஸுக்குள் டார்ச் அடியுங்கள். துவாரத்தை எஃப்22க்குச் சுருக்கி வெறும் வானத்தைப் படமெடுத்தால், படம் பதியும் சென்சாரில் உள்ள அழுக்கு தெரிந்துவிடும். எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதை எழுதி வாங்குங்கள், பாடத்தில் மயங்கி என்னைப் போல விட்டுவிடாதீர்கள்.

எந்த லென்ஸ், ட்ரைபாட் வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு அப்புறம் சொல்கிறேன். இப்போது என்னிடம் இருப்பது கேமராவின் கழுத்துப் பட்டையும், எட்டு மாதச் சேமிப்பின் பில்லும்தான். கேமரா சர்வீஸ்காரர் மேசையில் பிரித்துக் கிடக்கிறது.