மீசையா, மொட்டையா?

புற்றுநோய்க்கு நிதி திரட்ட ஆஸ்திரேலியாவில் பலரும் யோசிப்பது இந்த இரண்டில் ஒன்றைத்தான். நவம்பர் முழுக்க மீசை வளர்த்து நிதி திரட்டும், 2003இல் மெல்பர்னில் தொடங்கிய மூவெம்பர்; அல்லது தலையை மழித்து நிதி திரட்டும், லுகேமியா ஃபவுண்டேஷன் நடத்தும் வேர்ல்ட்ஸ் கிரேட்டஸ்ட் ஷேவ்.

பணம் போவது
மீசை: புராஸ்டேட், விரைப் புற்றுநோய், ஆண்களின் மனநலம்.
மொட்டை: ரத்தப் புற்றுநோய்.

செலவு
மீசை: ஒரு ரேசர்.
மொட்டை: ஒரு கிளிப்பர், பிறகு சன்ஸ்கிரீன். வெயிலே படாத உச்சந்தலை சீக்கிரம் எரிந்துவிடும்.

சிரமம்
மீசை: நவம்பர் 1 அன்று முழுச் சவரம். தாடி சேரக் கூடாது. அரிப்பு வரும், ஆனால் பொறுத்துக்கொள்ளலாம்.
மொட்டை: நீள முடியில் நேராகக் கிளிப்பர் வைத்தால் சிக்கி இழுக்கும்; முதலில் கத்தரியால் 2 செ.மீ. அளவுக்குக் குறையுங்கள். முடியையும் தானம் தருவதென்றால் உலர்ந்த முடியைச் சிறு சடைகளாகக் கட்டி, கட்டுக்கு மேலே வெட்டுங்கள். ஈரமாக மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்து வீணாகும். மழித்த முடி மாதம் சுமார் 1 செ.மீ.தான் வளரும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

நன்கொடை
மீசை: மெல்லச் சேரும், வாரம் ஒரு படம் போடாவிட்டால் மறந்துவிடுவார்கள்.
மொட்டை: மழிப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். மழித்த பிறகு ஆர்வம் வடிந்துவிடும். 'இவ்வளவு சேர்ந்தால் மொட்டை' என்று ஒரு தொகையும் நாளும் அறிவிப்பதே நல்லது.

தினமும் பலரைச் சந்திக்கும் வேலை, பேச்சுக் கொடுக்க ஆசை என்றால் மீசை. குறுகிய நாளில் பெரிய தொகை வேண்டும், கூட்டம் கூட்ட ஆள் இருக்கிறது என்றால் மொட்டை.