வீடியோ கேமுக்கு மாதச் சந்தாவா, தள்ளுபடி சேலில் வாங்குவதா?

பாளையங்கோட்டை ஹாஸ்டலில் இருக்கும் பையன்கள் அடிக்கடி மோதிக்கொள்ளும் விஷயம் இது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வருடத்துக்கு இரண்டு மூன்று கேம்தான் முடிப்பீர்கள் என்றால் வருடம் முழுக்கச் சந்தா கட்டுவது தண்டச் செலவு.

மாதாமாதம் பணம் கட்டி, பட்டியலில் உள்ள கேம்களை ஆடும் மைக்ரோசாப்டின் சந்தாவான கேம் பாஸ் அல்டிமேட் 2025 அக்டோபரில் மாதம் 829 ரூபாயிலிருந்து 1,389 ஆனது. அந்தக் கணக்கில் வருடத்துக்கு 16,668. சோனியின் புது பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம் 4,999 என்று வைத்தால், மூன்று கேம் வாங்கியும் மிச்சம் இருக்கும். மைக்ரோசாப்ட் தன் சொந்தக் கேம்களைப் பெரும்பாலும் வெளியான அன்றே சந்தாவில் போடுகிறது, சோனி பொதுவாக அப்படிப் போடுவதில்லை. அதனால் வந்ததை வந்த அன்றே ஆடித் தீர்க்கிற ஆளுக்குக் கேம் பாஸ் லாபம்தான், மறுக்கவில்லை.

ஆனால் சந்தா கட்டியதும் மற்ற செலவு நின்றுவிடும் என்று நினைக்கிறோமே, அங்கேதான் இடிக்கிறது. கேமுக்குப் பிறகு வரும் கூடுதல் பகுதியான டிஎல்சிக்குப் பெரும்பாலும் தனிக் காசு, கேமுக்குள் விற்கும் ஸ்கின்னுக்கும் (கேரக்டரின் உடை, தோற்றம்) தனிக் காசு. போதாததற்கு, கேம்கள் பட்டியலை விட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஜிடிஏ 5 கேம் பாஸுக்கு எத்தனை தடவை வந்து போயிருக்கிறது! பாதி ஆடிய கேம் கிளம்பப் போகிறது என்றால் 20 சதவீதம் வரை தள்ளுபடி காட்டுவார்கள், நாமும் வாங்கிவிடுவோம், ஆக ஒரே கேமுக்கு இரண்டு செலவு.

சோனியின் சந்தாவான பிஎஸ் பிளஸ் கதை வேறு. கன்சோலில் நண்பர்களோடு ஆன்லைனில் ஆட, இலவசக் கேம்களைத் தவிர மற்றதற்கெல்லாம் சந்தா கட்டாயம். அதில் அடிமட்டத் திட்டமான எசென்ஷியல் போதும். அதன் வருடக் கட்டணமே 2023 செப்டம்பரில் 2,999-லிருந்து 3,949-க்கு ஏறியது. பிசியில் இந்தத் தொல்லை இல்லை.

பிசி கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீம் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. கோடை சேல் பெரும்பாலும் நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தை ஒட்டித்தான் வரும், கையில் காசும் இருக்கும், 80 சதவீதம் தள்ளுபடி என்று பார்த்ததும் அள்ளிப் போட்டுவிட்டு ஒரு தடவைகூடத் திறக்காமல் வைத்திருக்கும் ஆட்கள் எனக்குத் தெரிந்தே ஏராளம். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். சந்தாவிலோ ஆடினாலும் ஆடாவிட்டாலும் பணம் போகும். ரிசர்வ் வங்கி விதிப்படி ஆட்டோபே எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வந்தாக வேண்டும், வரவும் செய்கிறது, யார் படிக்கிறார்கள்?

"வாங்கினால் நமக்கே சொந்தம்" என்று ரொம்பவும் நம்ப வேண்டாம். 2024-ல் யுபிசாஃப்ட் தி க்ரூ என்ற கார் பந்தயக் கேமின் சர்வரை மூடியபோது காசு கொடுத்து வாங்கியவர்களாலும் ஆட முடியவில்லை.

நான் சொல்வது இதுதான். மே லீவில் தென்காசி, சங்கரன்கோவில் என்று அத்தை பிள்ளைகள் வீட்டில் குவியும்போது ஒரு மாதம் சந்தா போடுங்கள், போட்ட கையோடு ரத்தும் செய்துவிடுங்கள். கட்டிய மாதம் முடியும்வரை ஓடும். மற்ற மாதங்களுக்கு விஷ்லிஸ்டும் பொறுமையும் போதும், இலவசம் வேண்டுமென்றால் எபிக் என்ற பிசி கேம் ஸ்டோரில் வாரம் ஒன்று தருகிறார்கள். டிஸ்க் போடும் பிஎஸ்5 இருந்தால் இன்னும் வசதி, முடித்த கேமை விற்று அடுத்ததை வாங்கலாம். டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் எடிஷன் வைத்திருப்பவர்களுக்கு அந்த வழி கிடையாது.